அலை காட்டும் டப்பா

எழுபதுகளில் ஒரு ஞாயிறு காலை. கும்மிடிப்பூண்டியிலிருந்து மெட்ராஸ் போகும் பாசஞ்சர் வண்டியில் எனக்கு எதிரே ஒரு லேத் தொழிலாளி, கறுப்பு வர்ணம் பூசிய தகர டப்பாவை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவரிடம், "பாத்து நைனா, உள்ள கடல் கீது" என்றார்.

"கடலா? இன்னாபா சொல்றே?"

"நாடகத்துக்கு லைட்டு. எண்ணெ டின்னை வெட்டி நானே செஞ்சது. உள்ள பல்பு, முன்னால லென்ஸு, நடுவுல சுத்தற கண்ணாடி. அதுல நெளிநெளியா வரைஞ்சிக்கீறேன். லைட்டைப் போட்டா திரை முழுக்க அலை அடிக்கும்."

"சூட்டுல கண்ணாடி வெடிக்காது?"

"ரெண்டு வெடிச்சிது. அப்புறந்தான் டின்னு மேல ஓட்டை போட்டேன்."

"ஜனங்களுக்குப் புடிச்சிதா?"

"போன மாசம் பழவேற்காடு பக்கத்துல, எங்க குப்பத்துல போட்டோம். முகத்துவாரத்துல படகு கவுர்ற சீனு. எல்லாரும் கைதட்டுனாங்க. எங்க அக்கா மட்டும் பாதியில எழுந்து போயிட்ச்சி. அது ஊட்டுக்காரரு அப்படித்தான் செத்தாரு. எனக்கு பேஜாராப் பூட்ச்சி. டப்பாவையே ஒடச்சிடலாம்னு நெனச்சேன்."

பெரியவர், "அக்கா இன்னா சொல்லிச்சி?" என்றார்.

"மறுநாள் காலையில போய் மன்னிப்பு கேட்டேன். 'நான் அழுதுகினு போவலடா. முகத்துவாரத்துல அலை நேரா வராது, குறுக்கால வரும். தப்பாக் காட்டுனா எப்படிப் பாத்துகினு உக்கார்றது?'ன்னிச்சி."

பழவேற்காட்டுக்கு இறங்க வேண்டிய பொன்னேரி வந்தது. டப்பாவை அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"அலையை மாத்திட்டேன் நைனா. அக்காவுக்குத்தான் மொதல்ல காட்டப் போறேன்."