கொஞ்சம் ஏத்துங்க மாமா

எங்கள் வீட்டில் காலைக் காபி நான்தான் போடுவேன். இளவரசிக்குச் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். கடலூர் முதுநகரில் எங்கள் தெருப் பெண்கள் புருஷன்மாரிடம் என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்களாம். அதைக் கேட்டால் உடம்பு கூசுகிறது.

என் பெயர் ஸ்ரீதர். மெல்லிசைக் கச்சேரிகளுக்கு சவுண்ட் பார்ப்பவன். இளவரசி சிதம்பரத்துப் பெண், பாடகி. பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில் அவள் பாட, நான் சவுண்ட் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அப்படித்தான் பழக்கம். கல்யாணமான கையோடு சென்னைக்குப் போனோம். கடலோரமாக ஒரு பெரிய ஓட்டலில் இருவருக்கும் வேலை. சனி, ஞாயிறு என்றால் கூட்டம் நெரியும். மேசைக்கு மேசை ஒரு மொழி. பாட்டின் பெயரை டிஷ்யூ பேப்பரில் எழுதி அனுப்புவார்கள். மலையாளமோ இந்தியோ, அந்த ஊரில் பிறந்தவள் மாதிரி பாடுவாள்.

மேடையில் நிற்பவருக்கு ஹாலில் ஒலிப்பது சரியாகக் கேட்காது. அதனால் இரண்டு காதிலும் பொடிசாக இயர்போன் செருகிக்கொள்வார்கள். தன் குரலும் வாத்தியங்களும் அதில்தான் கேட்கும். எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பது என் விரலில் இருந்தது.

ஒரு நாள் அனுப்பிரியா என்று ஒருத்தர் அவள் பாட்டைக் கேட்டார். வெளிநாடுகளுக்குக் குழு கூட்டிப் போகிறவர். இளவரசி மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"மாமா, என்னக் கூப்புடுறாங்க. சிங்கப்பூரு, துபாயின்னு போவாங்களாம். ஒத்திகையில ஒருதரம் பாடிக் காட்டணும், அவ்ளோதான்."

"சவுண்டுக்கு?"

"அவுங்ககிட்டயே ஆளு இருக்காராம். நீங்க கொஞ்ச நாளு ஊர்ல இருங்க. போயிட்டு வந்துடுறேன்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. போகாதே என்றிருந்தால் நின்றிருப்பாள். பெண்டாட்டியை முன்னேற விடாதவன் என்ற பெயர்தான் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதனால் சத்தத்தைக் கூட்டினேன். ஒரேயடியாக இல்லை, கச்சேரிக்குக் கச்சேரி, ஒரு நூல் அளவு. காது தாங்காத சத்தம் போகாமல் மறிக்க ஒரு தடுப்பு உண்டு. அதை எடுத்துவிட்டேன். காது கொஞ்சம் அசந்தால் சுருதி விலகும், ஒத்திகையில் வேண்டாம் என்பார்கள், பழையபடி என் பக்கத்திலேயே இருப்பாள். இவ்வளவுதான் நினைத்தேன்.

"காதுக்குள்ள வண்டு பூந்த மாரி கொய்யின்னு இருக்கு மாமா."

"தூக்கம் பத்தல உனக்கு."

பிறகு இடைவேளைகளில் அவளே வந்து நின்றாள். "கொஞ்சம் ஏத்துங்க மாமா. கேக்கவே மாட்டேங்குது." ஏற்றினேன். சொல்லவே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் கேட்டது அவள்தான்.

ஒத்திகையில் சுருதி சேரவில்லை. அது அவளுக்குத் தெரியவும் இல்லை. சிரித்துக்கொண்டே பாடி முடித்தாள். அனுப்பிரியா தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

காது நரம்பு கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர். "சத்தத்த யாரு வெக்கிறது?" என்று கேட்டார்.

"ஓட்டல் ஆளுங்க சார்."

காதில் மெஷின் வைத்தால் பேச்சாவது ஓரளவு கேட்கும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். வெளியே வந்ததும் இளவரசி என் வாயையே பார்த்தாள்.

"என்னா சொன்னாரு?"

காதோரம் கத்தினால் மட்டும் அவளுக்கு நாலு சொல் விழும். குனிந்து கத்தினேன். "மெஷின் வெச்சாலும் பிரயோஜனம் இல்லியாம்."

மெஷின் வைத்தால் மறுபடியும் பாடலாம் என்று நினைத்துக்கொள்வாளே என்றுதான். அன்று முழுக்க என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

போன வாரம் அவள் அண்ணன் சபாபதி சிதம்பரத்திலிருந்து வந்தார். இருந்த ஒரே தங்கச்சி பாட்டை விட்டுவிட்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அழுதார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேற ஒருத்தனா இருந்தா எங்க வூட்ல கொண்டாந்து வுட்டுட்டுப் போயிருப்பான் மாப்ள. நீங்க தங்கமா வெச்சிருக்கீங்க. உங்க கால்ல வுழணும்."

நிஜமாகவே குனிந்தார். நான் கொல்லைக்கு ஓடிவிட்டேன். அவர் போகும்வரை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்கு மேல் மறைக்க மனசு இடம் கொடுக்கவில்லை. இளவரசியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, நிதானமான குரலில், தடுப்பை எடுத்ததிலிருந்து மெஷின் பொய் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இப்போது தினமும் சொல்கிறேன். அவள் துணியை உதறி உதறிக் கொடியில் போடுகிறாள். ஒரு நாள்கூடக் கோபமாகத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவளுக்கு மன்னிக்கத் தெரிந்திருக்கிறது.