உன் ஸ்டைலுக்கு ஒத்து வருமா?

குரோம்பேட்டையில் ஏறிய இளம் தம்பதி, மின்சார ரயிலில் நின்றிருந்த என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரயில் நகர்ந்ததும் அவள் சொன்னாள்:

“எங்கப்பா கடைசி வரைக்கும் உட்காரவே இல்ல, தெரியுமா?”

“எப்போ? நேத்து நான் கடைக்குப் போயிருந்தப்பவா?”

“ஆமா. புது வீட்டை முதல்முதலா பார்க்க வந்தவரு. காபிகூட ஜன்னலைப் பிடிச்சிட்டு, நின்னுக்கிட்டேதான் குடிச்சார்.”

“தரையில மெத்தை, சுத்தி குஷன், அதான் ஸ்டைல்னு நீதானே போட்டோவா காட்டின. அவர் சோபா வாங்கித் தரேன்னு சொன்னதையும் வேணாம்னுட்ட.”

“அவருக்கு முட்டிவலி. கீழ உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாது. எனக்குத் தெரியாதா அது? நான்பாட்டுக்குப் பெருமையா ஒவ்வொரு ரூமா சுத்திக் காட்டிட்டிருக்கேன். ‘வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு, ம்மா’ன்னுட்டுக் கிளம்பிட்டார்.”

பல்லாவரத்தில் ஒரு சீட் காலியானது. “நீ உட்காரு” என்றான். அவள் உட்காரவில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு நான் உட்கார்ந்துகொண்டேன்.

“சரி விடு. சாயந்திரமே ஒரு சேர் வாங்கிடலாம்.”

“காலையில போன் பண்ணார். வீட்ல மடக்கு சேர் ஒண்ணு சும்மாதான் கிடக்கு, அடுத்த தடவை வரும்போது கையோட எடுத்துட்டு வரட்டுமா, உன் ஸ்டைலுக்கு ஒத்து வருமாம்மான்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“டவர் இல்லப்பான்னு வெச்சுட்டேன்.”