யாரிடமும் சொல்லாதே

மாலை ஆறரை மணி. கொள்ளிடக் கரை ரோடு. ஒரு பக்கம் வாழைத் தோட்டம், ஒரு பக்கம் ஆறு... நடுவில் என் சித்தி மகள் லின்சி, தன்னந்தனியாக. ஹாஸ்டல் ரூமில் இருக்கிற எல்லோரும் கிட்டே வந்து உட்காருங்களடி. நிஷா, போர்வையை இழுக்காதே, எனக்கும் குளிருகிறது.

லின்சியும் நம்மைப் போல நர்ஸிங் படிப்பவள்தான். கிராமத்தில் வீடு வீடாகப் போய் சுகாதாரம் பேசும் டூட்டி. அங்கே பொன்னுத்தாய் என்று ஒருத்தி. காசநோய். புகுந்த வீட்டுக்குத் தெரிந்தால் விரட்டிவிடுவார்கள் என்று மாத்திரையை மஞ்சள் டப்பாவில் ஒளித்துவைத்துச் சாப்பிட்டாள்.

“உங்கிட்ட மட்டும்தாம்மா சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாத.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்க்கா,” என்றாள் லின்சி.

டூட்டி முடியும் வாரம் ஊர் நடுவில் விழிப்புணர்வு நாடகம். மேடத்திடம் பேர் வாங்க வேண்டுமே மகாராணிக்கு! மருமகள், மாத்திரை, மஞ்சள் டப்பா... எல்லாவற்றையும் அப்படியே நடித்துக் காட்டினாள். பெயரை மட்டும் மாற்றினாள். ஊரே கைதட்டியது. பொன்னுத்தாயின் மாமியார் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போனாள். நேராக அடுப்படிக்கு. டப்பாவைத் திறந்தாள்.

அன்றைக்கே துரத்திவிட்டார்கள். மறுநாள் பொன்னுத்தாய் கொள்ளிடத்தில் மிதந்தாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதானே? நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

டூட்டியின் கடைசி நாள். ஊருக்குள் மறந்து வைத்த பையை எடுத்துக்கொண்டு லின்சி அந்த ரோட்டில் வருகிறாள். பின்னால் ஈரச் சேலை காலில் அடிக்கிற சத்தம். சளப்... சளப்... ஆற்றுச் சேற்று வாடை. அவள் திரும்பவில்லை. காதருகே ஒரு குரல்.

“எல்லாத்தையும் சொல்லிட்டியேம்மா... இன்னும் சொல்லு.”

ரோட்டு முனையில் காலேஜ் பஸ் காத்திருந்தது. ஓடி ஏறினாள். மேடம், கூடப் படிப்பவர்கள், அத்தனை பேர் முன்னாலும் அவள் வாய் தானாகத் திறந்தது.

“எங்கப்பா துபாய்ல இல்ல. ஜெயில்ல இருக்காரு.”

கையால் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கு வழியாகவும் வந்துகொண்டே இருந்தது, வீட்டு ரகசியம் ஒவ்வொன்றும்.

பொன்னுத்தாய்க்குச் செய்த துரோகத்தை லின்சி என்னிடம் மட்டும்தான் சொன்னாள், அழுதுகொண்டே. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நானும் சத்தியம் செய்தேன்.

அப்புறம் எப்படி... நான் இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு கதையடி. திருவானைக்காவல் ஆட்டோக்காரர் கதை. ஐயோ, வாயை மூட முடியவில்லை.

நிஷா, என் வாயைப் பொத்து. சீக்கிரம். அடுத்து வருவது நீ என்னிடம் மட்டும் சொன்னது.