கேட்டுக்கொண்டிருந்த உடல்

மேடையில் வீற்றிருக்கும் மூத்த மருத்துவர்களே, நம் மருத்துவமனைத் தோழர்களே, கோட்டைமேட்டிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜாஹிதா அம்மையாரின் மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் தலைமைச் செவிலியர் ஜாஹிதாவை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. அவரைப் புகழ வந்த நான், முதலில் என் தவறொன்றைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாளைக் கொண்டுவந்தார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஜாஹிதா என்னை மன்னிக்க மாட்டார். கணவரிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், வழிதவறித் தன் நரம்புகளையே தாக்கியது. காலில் தொடங்கிய தளர்ச்சி நான்கே நாளில் கழுத்துக்கு ஏறியது. பத்தாம் நாள் கண்மணிகூட அசையவில்லை. இயந்திரம் மூச்சு விட்டது. திறந்த கண்கள் கூரையையே பார்த்தன. கட்டிலருகே நின்று, "மூளை போயிருச்சு" என்று சொன்னவன் நான்.

அந்த அம்மாளின் அண்ணன், இறந்தவர்மீது போர்த்தும் கோடிச்சேலையோடு வந்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எடுத்துப்போடலாமுங்க. ஊருக்குச் சொல்லியுட்டாச்சு" என்றார்.

ஜாஹிதா நாடித்துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க டாக்டர், கொஞ்சம் நில்லுங்க. எடுக்கறதைப் பத்தி அவரு பேசறப்பவெல்லாம் இவிங்க நாடி ஏறுதுங்க."

எண்பதிலிருந்த துடிப்பு நூற்று முப்பதில் நின்றது. முகத்தில் அசைவே இல்லை. ஜாஹிதா அந்தக் காதருகே குனிந்தார். "அம்மணி, உங்களை எங்கயும் அனுப்ப மாட்டோமுங்க. நா இங்கயேதான் இருக்கறேன்."

எண் மெல்ல இறங்கியது. நூற்றிருபது. நூற்றைந்து. தொண்ணூறு. அண்ணன் சேலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எத்தனை நாளாக எங்கள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தார் அந்த அம்மாள்?

மறுநாளே பிளாஸ்மா மாற்றத்தைத் தொடங்கினோம். இரத்தத்தை வெளியே எடுத்து, நரம்பைத் தாக்கும் பொருள் கலந்த மஞ்சள் நீரைப் பிரித்துக் களைந்து, மாற்றுத் திரவத்தோடு மீதியைத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை. அந்த இரத்தம் ஓடும் இயந்திரத்தருகே யார் உட்காருவது? எல்லோரும் தயங்கினோம். ஜாஹிதா இரட்டைக் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து முறை! ஒவ்வொரு முறையும், என்ன செய்யப்போகிறோம் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டே குழாயைத் திறந்தார்.

மூன்றாம் வாரம் இமை அசைந்தது. இரண்டு மாதம் கழித்துத் தொண்டைக் குழாயை எடுத்தோம். அந்த அம்மாள் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? கட்டிலருகே நாங்கள் பேசியதையெல்லாம், யார் எப்போது பேசினோம் என்று வரிசையாகச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"மூளை போயிருச்சுன்னது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க" என்றேன்.

"நர்ஸம்மா ஒருத்தருதானுங்க எங்கிட்டப் பேசுனாங்க. நீங்கல்லாம் என்னையப் பத்திப் பேசுனீங்க."

எச்.ஐ.வி. அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் தன் காலால் நடந்து வீடு திரும்பினார்.

தோழர்களே, கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த ஒருவர் இன்று அதே நிலையில் நம் வார்டில் கிடக்கிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவருக்கு முதல் பிளாஸ்மா மாற்றம். ஜாஹிதாவின் நாற்காலியில் நான் உட்காருவேன். எனக்குப் பின் செவிலியர் கீதா உட்காருவார். அந்த இடம் ஒருநாளும் காலியாக இருக்காது என்று உங்கள் முன்னிலையில் உறுதி சொல்கிறேன்.

இங்கே புறப்படுமுன் அந்த நோயாளியிடம் போய், எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நேரமாகிவிட்டது. அவர் காத்திருப்பார்.