இடிமுகனும் நான்கு எண்ணெய்க் கிண்ணங்களும்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. பாளையங்கோட்டையில் பஸ் ஏறி டவுணில் இறங்கி, வாகையடி முக்கில் ஒரு காப்பி குடித்துவிட்டு, மகேஷின் ஜெராக்ஸ் கடை மாடிக்குப் போய்விடுவேன். அங்கே பதினைந்து பேர் கூடி இடிமுகனைப் பற்றிச் சண்டை போடுவோம். எழுபத்து நான்கு வயதில் எனக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

இடிமுகனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாத இதழ் என்று அட்டையில் போட்டுக்கொண்டு, 1972 முதல் 1989 வரை தோன்றியபோதெல்லாம் வந்த படக்கதையின் நாயகன் அவன். முகமூடியை மாட்டினால் கையில் இடி இறங்கும். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று இதழ்கள். எழுதியவர்கள் பலர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்ததாகத் தெரியவில்லை. அதனால் அவனுக்கு இரண்டு அம்மா. நான்கு தடவை செத்திருக்கிறான். 31ஆம் இதழில் முதலை அவன் இடது கையைத் தின்றது. 32ஆம் இதழின் அட்டையில் இரண்டு கையாலும் கும்பிட்டு வாசகர்களுக்குப் பொங்கல் வாழ்த்துச் சொன்னான். அந்தக் கைக்காக மட்டும் நாங்கள் ஏழு வருடம் சண்டை போட்டிருக்கிறோம்.

மூன்று வருடத்துக்கு முன் மேலப்பாளையத்துப் பெண் தஸ்மியா, பழைய பதிப்பாளரின் வாரிசுகளிடம் முறையாக உரிமை வாங்கி, புது இடிமுகனை வரைந்து வெளியிடப் போவதாக மாடிக்கு வந்து சொன்னாள். புது இடிமுகன் ஒரு பெண். பகலில் டவுண் பஸ்ஸில் கண்டக்டர்.

"இடிமுகனுக்கு மீச உண்டா இல்லியான்னே இன்னும் முடிவாகல. அதுக்குள்ள டிக்கெட் கிழிக்க அனுப்பிட்டாளே" என்றார் ஒரு பெரியவர்.

"புதுசா படிக்கவன் எங்கேருந்துவே ஆரம்பிப்பான்?" என்றான் மகேஷ். "நூத்தி அறுவத்தி மூணையும் பாடம் பண்ணிட்டுத்தான் வரணுமா? இது படக்கதையா, வில்லங்கச் சான்றிதழா?"

"அப்ப ரெண்டு அம்மாவுல எந்த அம்மாவ வச்சுக்கிடுதது?"

"ரெண்டு பேரையும் முதியோர் இல்லத்துல சேத்துரும். கூடப் போயி நீரும் சேந்துக்கிடும்."

தஸ்மியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்: "அண்ணாச்சிமாரே, பழசு அத்தனையும் சுமந்தா எம் பிள்ள எந்திரிச்சே நிக்காது. ஒவ்வொரு இதழ்லயும் மொதப் பக்கத்துல 'இதுவரை'ன்னு ஒரு சுருக்கம் போடுதேன். அந்த ஒரு பக்கத்த யாராவது எழுதித் தாங்க. அது போதும்."

எல்லோரும் பாக்கியசீலனைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

பாக்கியசீலன் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். ஐம்பது வருடமாக என் நண்பர். தாமிரபரணி பாய்கிற ஊர்களில் இடிமுகன் முழுத் தொகுப்பு அவரிடம் மட்டும்தான் இருந்தது. பழைய காலத்து வீடு, சுவரெல்லாம் கரையான். அதனால் ஒரு மரப்பெட்டியில் இதழ்களை அடுக்கி, அதன் நான்கு கால்களையும் நான்கு தகரக் கிண்ணங்களில் நிறுத்தி, கிண்ணங்களில் கழிவு எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். மாடியில் எந்தச் சண்டை வந்தாலும், "பெட்டியில பாத்துருவோம்" என்பார். அடுத்த வாரம் இதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவருவார். சண்டை முடிந்துவிடும்.

நான் வேறு மாதிரி. உவரியில் பிறந்தவன், விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் முப்பது வருடம் நேரக்கணக்கு எழுதியவன். இரண்டு இடத்திலும் கதை சொல்லத் தெரியாதவன் பிழைக்க முடியாது. 87ஆம் இதழ் எனக்கு ஒரு சுறாவின் வயிற்றில் கிடைத்தது, இரண்டு பக்கம் மட்டும்தான் நனைந்திருந்தது என்று ஒருநாள் மாடியில் சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாக்கியசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத நீரு எங்கிட்டதான் இரவல் வாங்குனீரு. திருப்பித் தந்த தேதி பின்னட்டையில இருக்குவே" என்றார்.

'இதுவரை' பக்கம் என் பெயரோடு வந்தது. முதலை தின்ற கை, பொதிகை மலையில் ஒரு மூலிகைச் சாற்றால் முளைத்தது என்று எழுதினேன். வாசகர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டாவது இதழில் அதற்குத் திருத்தம் வந்தது. பக்க எண், கட்ட எண் போட்டு பாக்கியசீலன் கடிதம் எழுதியிருந்தார். மூன்றாவதில் இன்னொரு திருத்தம். நான்காவதில் திருத்தத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டியிருந்தார்கள், மரண அறிவிப்பு மாதிரி.

அந்த வாரம் தஸ்மியா தன்மையாகத்தான் சொன்னாள்: "அண்ணாச்சி, ஒங்க எழுத்து நல்லாருக்கு. ஆனா அனுப்புததுக்கு முன்னால சார் ஒரு தடவ பெட்டியில பாத்துக்கிடட்டும்." மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபப்படுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. அந்தப் பெண் சொன்னது எவ்வளவு சரி என்பது மட்டும் அன்றைக்குப் புரிந்தது. பழசு பெரிய சுமை. யாராவது ஒருவர் அதை இறக்கி வைக்க வேண்டும்.

ஏப்ரலில் பாக்கியசீலன் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ள கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஸ்டெபியிடம் போனார். மூன்று மாதம். வீட்டுச் சாவியை என்னிடம் தந்தார்.

"ஞாயித்துக்கிழமதோறும் நாலு கிண்ணத்துலயும் எண்ண ஊத்தணும்வே. மறந்துராதீரும்."

"மறப்பனாவே."

நான் மறக்கவில்லை. முதல் ஞாயிறு பெட்டியின் கால்களை ஒவ்வொன்றாக நெம்பி நான்கு கிண்ணத்தையும் எடுத்து, எண்ணெயைக் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். இரண்டாவது ஞாயிறு, சுவரில் கரையான் மண் ஏறியிருந்த இடத்தைப் பார்த்து, பெட்டியை அதில் ஒட்டுகிற மாதிரித் தள்ளினேன். நூற்று அறுபத்து மூன்று இதழ், வேங்கை மரப்பெட்டி. என் வயதுக்கு அரைமணி நேரம் ஆனது. நடுவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். மூன்றாவது ஞாயிற்றிலிருந்து ஒரு செம்பு கஞ்சித் தண்ணீர் கொண்டுபோய் பெட்டியின் முதுகில் ஊற்றினேன். கோடைகாலம். கரையானுக்கு ஈரம் வேண்டும்.

அவை நல்ல வாசகர்கள். புது ஆட்கள்தான், ஆனாலும் நடுவில் நுழைந்து, ஒன்றும் புரியவில்லை என்று புலம்பவில்லை. முதல் இதழிலிருந்து வரிசையாக ஆரம்பித்தன. ஏழாவது ஞாயிறு மூடியைத் திறந்தபோது இடிமுகனின் கையும் போயிருந்தது, அதைத் தின்ற முதலையும் போயிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை மறைத்தால் தவறாகிவிடும். ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் பாக்கியசீலன் அது வாங்கிய நாளில் நடந்ததைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தார். 12ஆம் இதழில், 'ஜெபகனியைப் பேசி முடித்தார்கள்.' 58இல், 'ஸ்டெபி பிறந்தாள். காலை 6.10. நான்தான் முதலில் கையில் வாங்கினேன்.' இரண்டு வருடத்துக்கு முன் மனைவி ஜெபகனி இறந்த பிறகு அவருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. ஸ்டெபி போனில் சொன்னாள்: "மாமா, டாக்டர் மாத்திர குடுத்துருக்காரு. ஆனா அப்பாவுக்கு அந்தப் பெட்டிதான் மருந்து. காலையில ரெண்டு இதழ் எடுத்துப் பாத்தாங்கன்னா அன்னைக்குப் பூரா அம்மா செத்ததும் நெனப்பிருக்கு, நான் இங்கன இருக்கதும் நெனப்பிருக்கு." சாவி என் கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே இதைச் சொல்லிவிட்டாள். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவர் திரும்பி வருவதற்கு முந்தின நாள் கிண்ணங்களை வைத்து எண்ணெய் நிரப்பினேன். பெட்டியை மட்டும் சுவரோடு விட்டுவிட்டேன். மறுநாள் அவர் மூடியைத் திறந்து கையை விட்டார். மண் உதிர்ந்தது. முழங்கைவரை மண். புதுக் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்ண ஊத்துனீராவே?"

"ஒரு வாரம் விடல."

குனிந்து கிண்ணங்களைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "அப்ப நாந்தான் போற அவசரத்துல பெட்டிய சொவத்தோட ஒட்டிப் போட்டிருப்பேன். இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் நிக்க மாட்டங்கு" என்றார்.

"இருக்கும்வே. வயசாகுதுல்லா" என்றேன்.

மாடிக்காரர்கள் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருவதுபோல் வந்து போனார்கள். தஸ்மியா அழுதாள். சுமை இறங்கியதற்கு அழுகிற பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். 'இதுவரை' பக்கம் என் பெயரில் தொடர்ந்து வருகிறது. ஆறு இதழ் ஆகிவிட்டது. திருத்தம் ஒன்றுகூட இல்லை.

ஸ்டெபி கெஞ்சிக் கேட்டதால் தினமும் சாயங்காலம் அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவர் கேட்பார், நான் சொல்லுவேன். முதலில் எல்லாம் அவருடைய ஆறுதலுக்காகத்தான். "ஜெபகனி எங்கவே?" என்பார். "மார்க்கெட்டுக்குப் போயிருக்கா" என்பேன். கதவைத் திறந்து வைத்து, இருட்டுகிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மறுநாளும் கேட்பார். மறுநாளும் மார்க்கெட்டுக்கு அனுப்பி வைப்பேன்.

போன மாதம் ஸ்டெபி பிறந்த கதையைக் கேட்டார். "நீரு அன்னைக்கு ஆஸ்பத்திரியில இல்லவே. இடிமுகன் வாங்கணும்னு டவுணுக்குப் போயிட்டீரு. பிள்ளைய மொதல்ல கையில வாங்குனது நாந்தான்" என்றேன். ரொம்ப நேரம் அழுதார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

அவள் என்னிடம் கேட்டாள், "நெசந்தானா மாமா? அம்மா வேற மாதிரில்லா சொல்லிருக்கா."

"பழச எதுக்கும்மா கிளறணும்?" என்றேன்.

நான் யாரையும் கெடுக்கவில்லை. ஒரு பக்கம் எழுதுகிறவன், அவ்வளவுதான். பெட்டி போனதில் இளையவர்களுக்கும் நல்லது, பாக்கியசீலனும் நிம்மதியாகத்தான் இருக்கிறார். நேற்று சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார். நல்லதாக ஒன்று யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.