தூரம் எட்டாத லென்ஸ்

லென்ஸுக்குள் தூசி இருக்கிறது என்று பதறிக்கொண்டு வருகிறவர்கள்தான் என் கடைக்கு அதிகம். தூசியால் படம் கெடாது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஓர் ஊரே குடியிருப்பதுபோல் தெரியும். படத்தில் ஒன்றும் விழாது. சொன்னால் கேட்க மாட்டார்கள். எதற்கு வம்பு என்று வாங்கி வைத்து, வெளிப்பக்கம் மட்டும் துடைத்து மறுநாள் கொடுப்பேன். "இப்ப எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாத்தீங்களா" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். லென்ஸ் விஷயத்தில் மனிதர்கள் தங்கள் கண்ணைவிட மெக்கானிக்கின் கையைத்தான் நம்புகிறார்கள்.

நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விபத்து விசாரணைக்காக இறந்தவரின் லென்ஸை எடுத்துப் போனீர்கள். மேம்பாலத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டினீர்கள். அவர் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும், கோடுகள் அச்சிட்ட சோதனைச் சார்ட்டைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். பந்தயச் சாலையின் ஓரத்தில் பாதுகாப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் நின்றது இறந்தவரின் அஜாக்கிரதை என்று கோப்பை மூடப்போகிறீர்கள். லென்ஸை உறவுக்காரன் என்ற முறையில் என்னிடமே திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறீர்கள். வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த மேம்பாலத்து ஆள் சொன்னதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. உட்காருங்கள். மின்விசிறியைக் கூட்டி வைக்கிறேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்யும் தவறு அது. கடை என்பது ஓர் அறை. அறைக்குள் எவ்வளவு தூரம் கிடைக்கும்? எதிர்ச்சுவர் வரைதான். சார்ட்டில் கோடு கோடாகத் தெரிந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். நூறு பேரில் ஒருவன்கூட லென்ஸைத் தெருவுக்கு எடுத்துப்போய், தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியைப் பார்க்க மாட்டான். அந்த ஆள் ஜன்னலைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார். அவர் என்னைவிடக் கைதேர்ந்தவர் என்று ஊரில் பேச்சு.

இறந்தவன் என் தங்கச்சியின் வீட்டுக்காரன். மண்சாலைகளில் நடக்கும் கார் பந்தயங்களைப் பத்திரிகைக்காகப் படம் எடுப்பவன். நான் அவனை மாப்பிள்ளை என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். ஊருக்கு நாங்கள் ஒட்டி உறவாடுகிற உறவு. தங்கச்சிக்குத்தான் பயம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பாள். "எதுக்கு பயப்படுறே, நான் எங்கேயோ தூரத்துல நின்னு எடுக்குறேன், லென்ஸ்தான் கிட்டப் போகுது" என்று அவன் சமாதானம் சொல்வான். உண்மைதான். நீண்ட ஜூம் லென்ஸ் வைத்திருப்பவன் கயிற்றுக்குப் பின்னால், மேட்டின்மேல், மர நிழலில் நிற்கலாம். அவள் தாலி அந்த லென்ஸின் நீளத்தில்தான் இருந்தது.

அவள் நிம்மதிக்காகத்தான் நான் இதில் கை வைத்தேன். அவன் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். படம் தெளிவாக வராவிட்டால் பத்திரிகை அவனை எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்? வேலை போனால் வீட்டோடு இருப்பான். இதில் கெட்ட எண்ணம் என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகக் கூடாது. ஒரு தடவை அப்பா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் நான் எடுத்த சில படங்களைக் காட்டினேன். ஏரியில் பறவைகள், படகு, இப்படி. எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை இருந்தது. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். "மச்சான், படம் ரொம்ப ஷார்ப்பா இருக்கு. அது மட்டும்தான் இருக்கு" என்றான். அப்பா சிரித்தார். தங்கச்சி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. குடும்பம் என்றால் கேலி கிண்டல் இருக்கத்தான் செய்யும்.

அதற்கு அடுத்த வாரம் அவன் லென்ஸைக் கொண்டுவந்தான். கீழ்நோக்கிப் பிடித்தால் ஜூம் தானாகச் சரிகிறதாம். சின்ன வேலை. வேலை முடிந்தபின் முன்பக்க ரப்பர் வளையத்தை உருட்டி எடுத்தேன். அதன் அடியில் மூன்று குட்டி ஸ்குரூக்கள் இருக்கும். அவற்றைத் தளர்த்தி, முன்கண்ணாடியை மயிரிழை அளவு வெளியே திருப்பி, மறுபடி முடுக்கினேன். இப்படிச் செய்தால் ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருகினாலும் லென்ஸால் தூரத்தை எட்ட முடியாது. ஒரு விளையாட்டு மைதானத்தின் அகலம் வரை பளிங்குபோல் தெரியும். அதைத் தாண்டினால் எல்லாம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். ஜூமை இழுக்காமல் எடுத்தால் இந்தக் குறை தெரியாது, இழுத்தால்தான் தெரியும். அறைக்குள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாது. இதைவிடச் சுத்தமான வேலையை நான் செய்ததில்லை.

பந்தயம் முடிந்து வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"மச்சான், கிட்ட நல்லா இருக்கு, தூரத்துலதான் சொதப்புது. ஆட்டோ ஃபோகஸ் வேற கடைசிவரைக்கும் போய் நடுங்குது."

சார்ட்டைப் படம் எடுத்துக் காட்டினேன். ஊசிமுனைபோல் இருந்தது. "லென்ஸ்ல ஒண்ணும் இல்ல மாப்ள. வெயில்ல தரையிலேர்ந்து சூடு கெளம்பும், கூடவே புழுதி. தூரத்துலேர்ந்து எடுத்தா நடுவுல இருக்குற காத்துதான் படத்துல விழும். கொஞ்சம் கிட்டப் போய் எடுத்துப் பாரு" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்தப் புகைப்படக்காரரைக் கேட்டாலும் வெயிலில் காற்று படத்தைக் கெடுக்கும் என்றுதான் சொல்வார்.

அவனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. எனக்குத் தெரியாமல் மேம்பாலத்து ஆளிடம் ஒருமுறை கொண்டுபோனான். அவர் அப்போதும் சுவரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். இது தெரிந்ததும் தங்கச்சி அவனைப் பிடி பிடியென்று பிடித்தாளாம். வீட்டில் ஒரு மெக்கானிக் இருக்கும்போது வெளியே காட்டினால் அண்ணன் மனம் என்ன பாடுபடும் என்று கேட்டாளாம். அவன் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றேன். கண்ணைக் காட்டிப் பாரேன் என்றும் சொன்னேன், அக்கறையோடுதான். கண் டாக்டர் பேருக்கு ஒரு கண்ணாடி கொடுத்தார். அதைப் போட்டபிறகு அவன் எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கினான். சாப்பிடும்போது தட்டைக்கூடச் சுருக்கித்தான் பார்ப்பான். அப்பா வீட்டில் அவனுடைய கேலிப் பேச்சு நின்றது. எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன.

அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நிறுத்தத்தான் இருந்தேன். அவன் விடவில்லை.

ஒரு நாள் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு தலைகால் புரியாமல் ஓடிவந்தான். முதல் பக்கம் முழுக்க அவன் படம். ஒரு கார் திருப்பத்தில் சாய்கிறது. மண் எழும்பி நம் முகத்தில் விழுவதுபோல் வருகிறது. ஓட்டுகிறவனின் பல் தெரிகிறது. அவன் கயிற்றை ஒட்டிப் போய் நின்று எடுத்திருந்தான். "நீங்க சொன்னதுதான் மச்சான். இத்தனை வருஷமா தூரத்துல நின்னு என் வாழ்க்கையை வீணாக்கிட்டேன். கிட்டப் போனாத்தான் படம்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. என் கையால் கெடுத்த லென்ஸ் அவனைப் பெரிய ஆளாக்கிவிட்டது. இதைவிட அவமானம் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஒரு தடவை சர்வீஸ் செய்து கொடுங்கள் என்று அவனே கேட்டான். செய்து கொடுத்தேன். மைதானத்தின் அகலம் ஒரு நாலுவழிச் சாலையின் அகலமாகக் குறைந்தது. அவன் இன்னும் கிட்டப் போனான், இன்னும் நல்ல படம் வந்தது. அடுத்த சர்வீஸில் சாலையின் அகலம் ஒரு பேருந்தின் நீளம் ஆனது. அவன் சந்தேகப்படவே இல்லை. நல்ல படத்துக்கு இன்னும் கிட்டப் போக வேண்டும் என்பது அவனுக்கு வேதவாக்கு ஆகிவிட்டது. அதைச் சொன்னவனும் நான்தானே.

கடைசிப் பந்தயத்துக்கு முன் பயிற்சி ஓட்டம் நடந்த நாளில் நானே அங்கே போனேன். அவன் எந்தத் திருப்பத்தில் நிற்பான் என்று எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லியிருந்தான். கார்கள் வேகமாக வந்து திரும்பும்போது பின்பக்கம் வழுக்கி வெளியே வருவதை நின்று கவனித்தேன். கயிற்றிலிருந்து பார்த்தேன். பிறகு கயிற்றுக்கு உள்ளே, சக்கரங்கள் ஒதுக்கிய மண் குவியல் வரை நடந்து பார்த்தேன். காலடியில் டயர் தடம் இருந்தது. கடைக்குத் திரும்பி வந்து, அந்தக் குவியலில் நின்றால் மட்டும் கார் தெளிவாகத் தெரிகிற மாதிரி மூன்று ஸ்குரூக்களையும் முடுக்கினேன். ஞாயிறு காலை அவன் வந்து வாங்கிக்கொண்டான். "நல்லா இருக்கா மச்சான்" என்றான். நல்லா இருக்கு என்றேன்.

அந்தக் கார் ஓட்டியவனைக் குறை சொல்லாதீர்கள். அவனால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

தங்கச்சி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பயம் இல்லை. அதிகம் பேசுவதில்லை, சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள். ஒரு நாள் மட்டும், "அவருக்குக் கண்ணு ரொம்ப மோசமா இருந்திருக்குண்ணா. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். இன்னும் பெரிய டாக்டரா பாத்து கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றாள். ஆமாம்மா, போயிருக்கலாம் என்றேன். அப்பாவும் தளர்ந்துவிட்டார், அவளுக்கு என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் உள்ளே வந்ததிலிருந்து அந்தச் சுவரில் இருக்கும் பெரிய படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் கேமராவில் இருந்த கடைசிப் படம் அது. காரின் மூக்கு சட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வருகிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுகிறவன் வாய் திறந்திருக்கிறது, அவன் முன்னால் நிற்பவனைப் பார்த்துவிட்டான். நீங்கள் அதன் பிரதியைத் தங்கச்சியிடம் கொடுத்தபோது அவள் பார்க்க மறுத்துவிட்டாள். நான்தான் நல்ல காகிதத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டினேன். தங்கச்சிக்காகச் செய்தேன் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் உண்மை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால் வாயடைத்து நிற்கிறார்கள். யார் எடுத்தது என்று கேட்கிறார்கள். நான் எடுத்தது என்று சொல்கிறேன்.