பிளாட் புஷ் ஏற்க மறுத்த எண்: வரதராஜன் அவர்களுக்குப் பணியாளர் மடல்

அறுந்த கம்பிக்கும் அடம்பிடிக்கும் அச்சுப்பொறிக்கும் பதினேழு ஆண்டுகள் பொறுமையோடு பதில் சொன்ன பண்பாளரே! ஹென்டர்சனில் ரயில் நின்றுபோன நாளிலும் எட்டு மணிக்கு முன் வந்து எங்கள் கதவைத் திறந்து வைத்தவரே! தெரிந்ததை மெதுவாகவும் தெரியாததை உரக்கவும் சொன்ன தெளிந்த நெஞ்சினரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பெருமதிப்புக்குரிய வரதராஜன் அவர்களே! வணக்கம்.

முதியோரை வீடு தேடிச் சென்று பராமரிக்கும் இந்த நிலையத்துக்கு நீங்கள் செய்த பணிகளை வரிசையாக வாசித்தால், ஆளுக்கொரு தட்டாகக் கொண்டுவந்திருக்கும் மதிய உணவு ஆறிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம். வெற்றிக் கதை வருகிறது என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். பெரும்பகுதி நீங்கள் குழம்பி நின்ற கதை. உங்களோடு சேர்ந்து நாங்களும் குழம்பிய கதை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பூமியின் இந்தத் தென்கோடிக்கே உரிய ஜூன் மாதக் குளிர். நமது கணினிகளை ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பிய கீதன் மாரடைப்பால் மறைந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. எந்தப் பணியாளர் எந்த வீட்டுக்குப் போவது என்று பணிப்பட்டியல் எழுதும் சோபனா அவருடைய மனைவி. கீதனின் பொறுப்பு, வேறு ஆள் கிடைக்கும் வரை என்ற சொல்லோடு, தொலைபேசியும் அச்சுப்பொறியும் மட்டுமே அறிந்த உங்கள் தலையில் விழுந்தது. வேறு ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்த ஜூனில் இங்கே, கிளென் ஈடன் அலுவலகத்தில் இருந்த பெரிய கணினியின் வட்டு பழுதானது. பணிப்பட்டியலும் டிஎன்எஸ் சர்வரும் அதற்குள்தான் இருந்தன. ஒரு கணினியைப் பெயர் சொல்லித் தேடும்போது அதன் முகவரியைச் சொல்வதே டிஎன்எஸ் சர்வரின் வேலை. அது வாய் மூடினால், எல்லாம் இருந்தும் எதுவும் கிடைக்காது. பணிப்பட்டியலைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டுப் புதிய முகவரியில் வைத்தீர்கள். டிஎன்எஸ் சர்வருக்குக் காப்புப் பிரதி இல்லை. ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, லினக்ஸில் அதைப் புதிதாக நிறுவத் தொடங்கினீர்கள்.

முதல் நாள் அது எழும்பவே இல்லை. ஏழு மணி நேரத்துக்குப் பின், ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டிருந்தது தெரிந்தது. இரண்டாம் நாள் எழும்பியது. ஆனால் தான் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லியது, எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. வெளியாரைத் தடுக்கும் தீயரணில் எங்களுக்கு வாசல் திறக்க மறந்திருந்தீர்கள். மூன்றாம் நாள் மதியம் எல்லாம் ஓடியது, கைதட்டினோம். மறுநாள் காலை கணினிகளைத் திறந்தால் ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதிய கோப்பின் மேல் வேறொரு நிரல் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தது. “கையால் திருத்தாதே” என்று அந்தக் கோப்பின் முதல் வரியே சொல்லியிருந்ததை, மூன்று தடவை அழிந்த பிறகுதான் வாசித்தீர்கள்.

பின்னறையில் குரல் கேட்டுச் சோபனா எட்டிப் பார்த்தார்.

“மெஷினோட கதைக்கிறியளோ அண்ணா?”

“கெஞ்சிக்கிட்டு இருக்கேம்மா. அதுக்குத் தமிழ் புரியலையோ என்னமோ.”

“அவர் இங்கிலீசிலதான் அதை ஏசுறவர்.”

கீதனைப் பற்றி அலுவலகத்தில் அவர் தாமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

கிளென் ஈடன் ஒருவழியாகச் சரியானது. பிளாட் புஷ் கிளை சரியாகவில்லை. அங்கே கீதன் நிறுவிய இரண்டாவது டிஎன்எஸ் சர்வர் ஒன்று உண்டு; இங்கே மாற்றியதை அது தானே பிரதி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. ஒரே பெயரை இங்கே கேட்டால் புதிய முகவரி, அங்கே கேட்டால் பழைய முகவரி. பழைய முகவரியில் யாரும் இல்லை. காலை ஆறரைக்கே பிளாட் புஷ்ஷிலிருந்து பராமரிப்புப் பணியாளர் மஹதி அழைப்பார்: “அக்கா, இண்டைக்கு நான் ஆரிட்டப் போறது?” ஆறு காலைகள், பட்டியல் முழுவதையும் சோபனா தொலைபேசியில் வாசித்தார்.

வெளியிலிருந்து வரவழைத்த ஒருவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் குழப்பி வைத்திருக்கிறார் என்று சொல்லிப் போனார். மூன்று மேசை தள்ளி இருந்த சோபனாவுக்கு அது நன்றாகக் கேட்டது. நமது நிறுவனர் செல்வரத்தினம் ஐயா (முன்வரிசையில்தான் இருக்கிறார், கோபிக்க மாட்டார்) உங்களிடம் சொன்னார்: “கீதன் பிழையாச் செய்துபோட்டார் எண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு அறிக்கை தாங்கோ. நான் வேற கொம்பனியிட்டக் குடுக்கிறன்.”

“எனக்கு இன்னும் காரணம் தெரியல சார். தெரியாம எழுத மாட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க.”

இந்த அலுவலகத்தின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது சோபனா. தம் கணவரின் வேலை பிழை என்ற வரியைத் தம் விரலாலேயே அடிக்க வேண்டிவரும். நீங்கள் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் நேர்ந்துகொண்டார்; கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றும் பயந்தார். பதினெட்டு ஆண்டுகள் கூட வாழ்ந்த மனிதரின் கைவேலை சரியா பிழையா என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. பிறகு யாரைக் கேட்பது?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பிளாட் புஷ்ஷுக்குப் போனீர்கள். பதினொரு மணிக்கு ஒரு துண்டுத்தாளோடு திரும்பி, ஐயாவின் அறையைத் தாண்டிச் சோபனாவின் மேசைக்கு வந்தீர்கள்.

“உக்காருங்கம்மா.” அவர் உட்கார்ந்துதான் இருந்தார். “சரி, நான் உக்காந்துக்கிறேன். ஒவ்வொரு தடவை கோப்பை மாத்தும்போதும் அதுல ஒரு எண்ணைக் கூட்டணும். தேதியையே எண்ணா எழுதுறது வழக்கம். பிளாட் புஷ் அந்த எண்ணைத்தான் பார்க்கும். பெருசா வந்தா எடுத்துக்கும், சின்னதா வந்தா பழசுன்னு தள்ளிடும். நான் இந்த மாசத் தேதி போட்டேன். அதுகிட்ட ஏற்கெனவே இது இருக்கு.”

தாளில் 2039080827 என்று எழுதியிருந்தது.

“2039, ஆகஸ்ட் எட்டு. கடைசியில இருபத்தேழுங்கிறது எத்தனாவது மாத்தம்னு. அவரு 2019-ன்னு போட நினைச்சிருக்காரு. ஒரே ஒரு இலக்கம். கீதன் தப்புதாம்மா. உங்ககிட்ட சொல்லாம எழுதக் கூடாதுன்னு வந்தேன்.”

சோபனா அந்த எண்ணை இரண்டு தடவை வாசித்தார். பிறகு சிரித்தார்.

“எங்கட கலியாண நாளுக்கே ஒரு மாதம் முந்திக் கேக் வாங்கியந்த மனிசன் அண்ணா. வெலிங்டன் போக டிக்கெட் போட்டார். அது அடுத்த வருசத்து டிக்கெட் எண்டு எயார்போட்டிலதான் தெரிஞ்சது. இது அவர்தான். வேற ஆரும் இல்லை.”

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. அச்சுப்பொறி துடைக்கும் துணியை எடுத்து நீட்டினீர்கள். அந்தத் துணியின் மை அவர் முகத்தில் இரண்டு நாள் இருந்தது.

“எழுதுங்கம்மா,” என்று தொடங்கினீர்கள். அரைப்புள்ளி விட்டது, வரதராஜன். தீயரண் திறக்காதது, வரதராஜன். முதல் வரி வாசிக்காதது, வரதராஜன். புதிதாக நிறுவும் முன் பிளாட் புஷ் வைத்திருந்த எண்ணைப் பார்க்காதது, வரதராஜன். ஆண்டில் ஓர் இலக்கம் மாறியது, கீதன். சோபனாவின் விரல் எந்த வரியிலும் நிற்கவில்லை.

ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார். “நாலு பிழை உங்கட, ஒண்டு கீதன்ர. இப்ப நான் ஆரைப் பேசுறது?”

“நாலு பங்கு என்னைத் திட்டுங்க சார்.”

வேறு கொம்பனி வரவில்லை.

பிளாட் புஷ் பிரதியை அழித்துவிட்டு அன்றைய தேதியிலிருந்து தொடங்கு என்று வழிகாட்டிப் புத்தகம் சொன்னது. நீங்கள் அப்படிச் செய்யவில்லை. 2039080828 என்று எழுதினீர்கள். ஒரு நிமிடத்தில் மஹதி அழைத்தார்: “அக்கா, பட்டியல் வந்திட்டுது!” அன்றிலிருந்து ஒவ்வொரு மாற்றமும் கீதனின் எண்ணிலிருந்தே எண்ணப்படுகிறது. இருபத்தாறு தடவை அந்தக் கோப்பைத் திரும்பத் திறந்தவர் தம் பிழையைக் காணவே இல்லையா, கண்டும் இருக்கட்டும் என்று விட்டாரா? சோபனா உங்களிடம் பல தடவை கேட்டிருக்கிறார். “தெரியலம்மா” என்றே சொல்லியிருக்கிறீர்கள். எங்களுக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவைத்த அந்த நேர்மைக்கே இந்த மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம்.

வரதராஜன் அவர்களே, இன்றைய எண் 2039080866. உங்களுக்குப் பின் வருபவர் யாராயினும் அதைக் குறைக்க விடமாட்டோம். 2039 ஆகஸ்ட் எட்டு ஒரு திங்கட்கிழமை, அலுவலக நாள். அன்று உங்களுக்கு எழுபத்தொன்பது வயது. கண்ணில் ஒளியும் காலில் வலுவும் குறையாமல், பேரப்பிள்ளைகளின் கணினிகள் உங்களை அதிகம் வதைக்காமல், அந்தக் காலையில் எட்டு மணிக்கு முன் நீங்கள் வந்து எங்கள் கதவைத் திறக்க வேண்டும். கேக் வாங்கி வைத்திருப்போம். அன்று ஒரு நாளாவது கீதன் எழுதிய தேதி சரியாக இருக்கும். அதைப் பார்க்க நீங்கள் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
கிளென் ஈடன், பிளாட் புஷ் பணியாளர்கள்
எழுத்து: சோபனா கீதன்